உளவு நாவலும் உடன்மூவர் சொல்லும்

(ராயபுரத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, வணக்கம்.

நாடு விட்டு நாடு பாயும் அரசியல் உளவு நாவல் ஒன்றைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்டால், மூன்று பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. "விறுவிறுன்னு போச்சு." "பேருங்க குழம்பிடுச்சு." "நம்புற மாதிரி இல்ல." மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் முதலில் எழுந்து பேசுகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ, கூட்டமும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது.

இதற்கு வழி திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துவந்தால்தான் அதைத் தெளியலாம் என்கிறார். வாசகர் கருத்தையும் அப்படியே திரட்ட வேண்டும். பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தனித்தனியாக எழுதுங்கள். "நல்லாருக்கு" என்று எழுதாதீர்கள். பக்க எண் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்? எந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தீர்கள்? மூன்று சீட்டில் ஒரே இடம் வந்தால், விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்து எளிது. ரஷ்யர் ஒருவருக்குத் தன் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. உளவாளி என்றால் புனைபெயர் வேறு. பக்கக் குறியாக வைக்கும் சீட்டிலேயே ஆளின் பெயர்கள், அவருக்குச் சம்பளம் தருவது யார், அவருக்கு என்ன தெரியும் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஓர் அத்தியாயம் முடிந்தும் யாருடைய அறிவிலும் எதுவும் மாறவில்லையென்றால், அங்கேதான் உண்மையான தொய்வு. சும்மா மெதுவாகப் போவது தொய்வு ஆகாது. அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் சோவியத் வானில் வீழ்த்தப்பட்டது 1960 மே 1. பிடிபட்ட விமானி பவர்ஸுக்கு ஈடாக சோவியத் உளவாளி ஏபெல் பெர்லின் எல்லையிலுள்ள கிளீனிக்கே பாலத்தில் கைமாற்றப்பட்டது 1962 பிப்ரவரி 10. இடையில் 21 மாதங்கள். ஆள் மாற்றத்தை இரண்டே நாளில் முடிக்கிற நாவல்தான் அவசரப்படுகிறது.

இனி, "நம்புற மாதிரி இல்ல". இதைச் சொல்லும்போது எந்த இடம், ஏன் என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தூதரகம் அயல்நாட்டு மண் என்று பல நாவல்கள் எழுதுகின்றன, தவறு. அது விருந்தளிக்கும் நாட்டு மண்தான். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தப்படி அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது, அவ்வளவே. தூதரக அதிகாரி உளவில் பிடிபட்டால், அவருடைய நாடே வழக்கிலிருந்து அவருக்குள்ள விலக்குரிமையை விட்டுக்கொடுத்தாலொழிய, அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. விரும்பத்தகாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்த உள்ளூர் குமாஸ்தாவுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதிகாரிக்கு விமானம், குமாஸ்தாவுக்குச் சிறை. இந்த ஏற்றத்தாழ்வைத் தொடாமல் துப்பாக்கிச் சத்தத்தில் பக்கம் நிரப்பும் நாவலை நான் நல்ல உளவு நாவல் என்று ஒப்பமாட்டேன்.

துறைமுகக் காட்சிகளில் தீர்ப்புச் சொல்ல இந்தப் பகுதி வாசகர்களை விட்டால் ஆளில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கரை இது. உலக அரசியல் நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. கன்டெய்னரில் ஆள் ஒளிந்து வருவதாக எழுதியிருந்தால் கதவைப் பாருங்கள். தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கும். சீல் எண் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டி எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது; கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கானது. ஓர் இலக்கத்தை மட்டும் பெயின்ட் அடித்து மாற்றினால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். கதாநாயகன் உள்ளிருந்தே கதவைத் திறந்து குதிக்கிறானா? பக்க எண்ணோடு சீட்டில் எழுதுங்கள்.

சீட்டை மடித்துப் பெட்டியில் போட்ட பிறகு பேசலாம். பெயர் எழுத வேண்டாம்.