பிதாவுக்கு எலும்பு உண்டா? மார்மன்கள் சொல்ற கடவுள்

வணக்கம்ங்க. இன்னைக்கு நேரா விஷயத்துக்கே வந்துடறேன். கடவுளுக்கு உடம்பு இருக்கா?

சர்ச்சுக்குப் போற யார்கிட்ட கேட்டாலும் யோவான் 4:24-ஐ எடுத்து நீட்டுவாங்க, "தேவன் ஆவியாயிருக்கிறார்"னு. அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு சபைக்காரங்கதான் மார்மன்கள்; அவங்ககிட்ட கேளுங்க, "இருக்கே, நம்ம உடம்பு மாதிரியே மாம்சமும் எலும்புமா"ன்னு சொல்வாங்க. இயேசுவுக்கு மட்டும் இல்லைங்க, பிதாவுக்கே! உவமையா இல்ல, நிஜமாவே. (மார்மன்ங்கிற பேரு வேண்டாம்னு 2018-ல அவங்களே கேட்டுக்கிட்டாங்க. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னா எனக்கு மூச்சு வாங்கும், மன்னிச்சுக்கோங்க.)

1843 ஏப்ரல் 2, இல்லினாய்ல ராமஸ்னு ஒரு சின்ன ஊர்ல, இந்தச் சபையை ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் சொன்னது இது. இப்போ 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்'ங்கிற அவங்க வேதத்துல 130-வது பாகத்துல இருக்கு. ரத்தம்னு அதுல வரல, கவனிங்க. லூக்கா 24-ல உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள்கிட்ட கையைக் காலைக் காட்டி, மாம்சமும் எலும்புகளும் ஒரு ஆவிக்கு இராதேன்னு கேக்கறாரே, அதே ஜோடி வார்த்தைதான். பரிசுத்த ஆவிக்கு மட்டும் அந்த உடம்பு கிடையாது. இருந்தா அவர் நமக்குள்ள வாசம் பண்ண முடியாதுன்னு அதே வசனமே காரணமும் சொல்லுது. ஆக மூணும் தனித்தனி ஆள், நோக்கத்துல மட்டும் ஒண்ணு. 325-ல நைசியாங்கிற ஊர்ல கூடின பிஷப்புகள் பிதாவும் குமாரனும் ஒரே தன்மைன்னு எழுதி வச்சதை இவங்க ஏத்துக்கறதில்ல.

ஆனா என்னைப் பிடிச்சு உட்கார வச்சது வேற. இது ஆரம்பத்துலேயே முழுசா இருந்த போதனை இல்லங்க. 1820-ல நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா பக்கம் ஒரு தோப்புல, 14 வயசுல, பிதாவையும் குமாரனையும் ஜோசப் நேர்லயே பார்த்தார்ங்கறது சபையோட அஸ்திவாரக் கதை. 1832-ல அவரே எழுதின பதிவை எடுத்தா 'கர்த்தர்'னுதான் இருக்கு, ரெண்டு பேர்னு தெளிவா இல்ல. 1838 பதிவுலதான் பிதா குமாரனைக் கைகாட்டிப் பேசறார். அதை விடுங்க, 1835-ல இதே வேதத்தோட சேர்த்து அச்சான 'விசுவாசம் பற்றிய விரிவுரைகள்' பிதாவை ஆவி உருவம்னே சொல்லுது. அந்தப் பகுதியை 1921-ல எடுத்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கத்தை அழுத்திச் சொன்னார்னு தரிசனப் பதிவுகளுக்குச் சபை விளக்கம் குடுக்குது. எனக்கென்னவோ, மனுஷன் யோசிச்சு யோசிச்சு வளர்த்துக்கிட்டே போயிருக்கார்னுதான் படுது.

அதோட நிக்கல. 1844 ஏப்ரல் 7, இல்லினாய்ல நாவூங்கிற ஊர். கிணறு வெட்டும்போது செத்துப்போன கிங் ஃபாலட்ங்கறவரை நினைச்சுப் பேச ஆரம்பிச்ச ஜோசப், கடவுளே ஒரு காலத்துல நம்மளை மாதிரி மனுஷனா இருந்தவர்தான்னு போட்டார். நாலு பேர் குறிப்பு எடுத்திருக்காங்க, நாலும் அச்சு அசலா ஒத்துப்போகல. அவர்கிட்டயே கேக்கலாம்னா, ஜூன் 27-ல கார்த்தேஜ் ஜெயில்ல கும்பல் சுட்டுக் கொன்னுடுச்சு.

அந்தப் பிரசங்கம் இன்னும் வேதத்துல ஏறல. 1997-ல டைம் பத்திரிகை இதைக் கேட்டப்போ, சபையோட அப்போதைய தலைவர் கோர்டன் ஹிங்க்லி, அதைப் போதிக்கிறோமான்னு எனக்குத் தெரியலைங்கற மாதிரி சொல்லி நழுவிட்டார். பிதாவுக்கு உடம்பு உண்டான்னு கேட்டிருந்தா கண்டிப்பா நழுவியிருக்க மாட்டார்.