அப்டேட் போட்டாச்சு... சர்வரில் ஓடுவது எது?

[திரை: டெர்மினல். ஆப்ட் அப்கிரேட் ஓடி முடிகிறது.]

அப்டேட் பிழையில்லாமல் முடிந்துவிட்டது. ஆனாலும் உங்கள் வெப் சர்வரில் இந்த நொடி ஓடுவது பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய கோடாகவே இருக்கலாம்.

லினக்ஸ் ஃபைல்களைக் கையாளும் விதம் அப்படி. மென்பொருளை நிறுவி அப்டேட் செய்யும் பேக்கேஜ் மேனேஜர் (ஆப்ட் போன்றது), புதிய லைப்ரரியை, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடை, டிஸ்கில் வைத்துவிட்டுப் பழையதை நீக்குகிறது. நீக்கப்படுவது பெயர்தான். ஏற்கெனவே ஓடும் ப்ராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பழைய ஃபைலைப் பிடித்திருக்கும்வரை அது மெமரியில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

[திரை: ஹார்ட்பிளீட், ஏப்ரல் 2014]

இணையத் தொடர்பை என்கிரிப்ட் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரி வெளியே கசியும். அதில் சர்வரின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயே சிக்கலாம். சரிசெய்த பேக்கேஜை நிறுவிவிட்டு, வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால் கசிவு நிற்காது.

பலர் ரீலோடு செய்து திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் அது போதாது. ரீலோடில் கான்ஃபிக், அதாவது அமைப்பு ஃபைல், மட்டும் மறுபடி படிக்கப்படும். கோரிக்கைகளைக் கையாளும் புதிய வொர்க்கர்கள், பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கும் அதே மாஸ்டர் ப்ராசஸிலிருந்துதான் கிளம்பும். எனவே முழு ரீஸ்டார்ட் வேண்டும். அதற்கு முன் 'எஞ்சின்எக்ஸ் மைனஸ் டி' கொடுத்து கான்ஃபிக்கைச் சோதித்துவிடுங்கள். கான்ஃபிக்கில் தவறு இருந்தால், நின்ற சர்வர் மறுபடி எழாது.

எந்தெந்த சர்வீஸ் பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி பட்டியலிட்டுத் தரும். ரெட் ஹாட் குடும்பத்தில் 'டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்டிங் மைனஸ் எஸ்' கட்டளை.

[திரை: பேக்கேஜ் பதிப்பு எண்]

பதிப்பு எண்ணைப் பார்த்தும் பயப்படாதீர்கள். டெபியனும் ரெட் ஹாட்டும் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் சேர்க்கின்றன, இதுதான் பேக்போர்ட். அதனால் முதன்மை எண் பழசாகத் தெரியும், ஓட்டை அடைபட்டிருக்கும். பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) அந்தக் குறைபாட்டின் சிவிஇ எண்ணை, அதாவது அதற்குத் தரப்பட்ட பொது அடையாள எண்ணை, தேடினால் உறுதியாகிவிடும்.

டெபியன், உபுண்டுவில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும். இதை இயக்கி வைக்கும்படி அழுத்திச் சொல்வேன். ஆனால் சோர்ஸ் கோடிலிருந்து நீங்களே கம்பைல் செய்த வெப் சர்வரை எந்தப் பேக்கேஜ் மேனேஜரும் கவனிக்காது. அந்த ப்ராஜெக்டின் பாதுகாப்பு அறிவிப்புகளை நீங்களே தொடர்ந்து படித்து, நீங்களே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், இன்றே டிஸ்ட்ரோ பேக்கேஜுக்கு, அதாவது உங்கள் லினக்ஸ் வகையே தரும் பேக்கேஜுக்கு, மாறிவிடுங்கள்.