பட்டிமன்றம்: உயரும் கடலிடமிருந்து நகரங்களைக் காப்பது தடுப்புச் சுவரா, மேட்டுக்குக் குடிபெயர்வா? (குடிபெயர்வு அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சுவர் அணியில் பேசிய தங்கை எங்களுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: "மூட்டை கட்டும் கட்சி!" நீங்களும் கை தட்டினீர்கள்.

தங்கச்சி, வாங்க, வெனிசுக்குப் போவோம். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் ஏறிய கடல் அந்த ஊரை மூழ்கடித்தது. அதைத் தடுக்கத்தான் கடல்வாயில் 78 கதவுகள். தண்ணீருக்கடியில் படுத்திருக்கும், உள்ளே காற்றை அடைத்தால் எழுந்து நிற்கும். 2020 அக்டோபர் 3, ஓதம் ஏறியபோது முதன்முறையாக எழுந்தன. ஊர் நனையவில்லை. படித்தபோது எனக்கே கண் கலங்கியது.

இரண்டு மாதம் போனது. டிசம்பர் 8. கதவு இருக்கிறது. பழுதில்லாத கதவு. இயக்க ஆளும் இருக்கிறார்கள். கடல் 130 சென்டிமீட்டர் ஏறும் என்றால்தான் தூக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கணிப்போ 120 என்றது. தூக்கவில்லை. கடல் 130-ஐத் தாண்டி வந்தது! 78 கதவும் அடியில் படுத்திருக்க, புனித மாற்கு சதுக்கத்தில் தண்ணீர். மறுபடியும் சொல்கிறேன்: கதவு இருந்தது, ஊர் நனைந்தது. சுவர் தூங்கும் நடுவர் அவர்களே, கடல் தூங்குமா?

மியாமிக்குச் சுவர் கட்டுவீர்களா? அடியில் இருப்பது சல்லடை போன்ற சுண்ணாம்புப் பாறை. மழையே இல்லாத நாளில்கூட, ஓதம் பெருத்தால் வடிகால் வழியே தெருவுக்குத் தண்ணீர் வருகிறது.

குடிபெயர்வது கோழைத்தனமாம். அணை கட்டுவதில் நெதர்லாந்துக்காரர்களை மிஞ்ச ஆளுண்டா? அவர்களே நைமேகன் நகரில் ஆற்றுக்கு இடம் விட்டு, கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். வீடுகளை இடித்து, குடும்பங்களை மாற்றி. அவர்கள் கோழைகளா?

மணியைத் தொடாதீர்கள் ஐயா, ஒரு நிமிடம். ஜகார்த்தாவின் வடகரையில், நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நிலமே தாழ்ந்துபோனது. சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம், பாதி தண்ணீரில், தொழுகை நின்றுபோன ஒரு பள்ளிவாசல். கோடு எங்கே போட்டாலும் அதற்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.

மூட்டை என்றீர்களே தங்கச்சி, அதற்குள் என்ன இருக்கும்? பாட்டியின் கண்ணாடி. பிள்ளையின் பாடப்புத்தகம். கல்யாணப் போட்டோ. மேட்டில் வீடும் பள்ளிக்கூடமும் பிழைப்பும் தந்து, பட்டப்பகலில், உலர்ந்த தெருவில் அதை எடுத்துக்கொண்டு நடக்க விடுங்கள் என்கிறோம். நடுராத்திரி, இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக ஒரு தாய் நிற்கக் கூடாது ஐயா. அந்தப் புத்தகம் நனையக் கூடாது.