கிணத்தடிக்கு வா

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், வாணி விழாவுக்கென்று வாசிகசாலை முன்றிலில் பாய் விரித்து இருக்கும் எங்கள் ஊர்ச்சனத்துக்கும் வணக்கம்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளின் நாவில் தமிழைத் தங்கவைப்பது பெரிதும் அங்குள்ள சனிக்கிழமைத் தமிழ் வகுப்பா, கோடை விடுமுறையில் வந்து நிற்கும் ஊரா? இதுதான் இன்றைய கேள்வி. ஊர் என்று வாதாட வந்திருக்கிறேன். 31 வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். வெண்கட்டி பிடித்த கை வகுப்பறைக்கு எதிராக ஏன் நீளுகிறது என்று எதிரணித் தலைவர் கேட்டார். அதற்குப் பதில் என் வீட்டு முற்றத்தில் இருக்கிறது.

இந்த ஆடியில் என் தம்பி குடும்பம் யேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து வந்தது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. தாய் தமிழில் கேட்பா; பிள்ளைகள் டொச்சில், அதாவது யேர்மன் மொழியில், பதில் சொல்லுவார்கள். புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் இதுதான் நடைமுறை. சின்னவன் மூன்று வருடமாகத் தமிழ் வகுப்புக்குப் போகிறவன். வந்த அன்று பின்னேரமே கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு பக்கத்தில் கிணறு என்று எழுதி, படம் கீறி, நிறமும் தீட்டியிருந்தான். றகரத்தின் வளைவில்கூடப் பிழையில்லை. நான் பூரித்துப்போனேன்.

அடுத்தநாள் விடிய என் அம்மா அவனைக் கூப்பிட்டா. "அப்பன், கிணத்தடிக்கு வா, முகம் கழுவ."

பிள்ளை அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கிணறு தெரியும், கிணத்தடி தெரியாது.

அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. கப்பியில் கயிறு, கயிற்றில் வாளி. வாளியை விட்டான், அது தண்ணீரில் மிதந்துகொண்டு நின்றது. இழுத்தால் வெறும் வாளி வந்தது. "கயித்தை ஒருக்காச் சுண்டு, வாளி கவிழும்" என்றா. சுண்டினான். கவிழ்ந்தது. "நிரம்பட்டும். இப்ப இழு. தொட்டிக்குள்ள வார்." சுண்டு, கவிழ், நிரம்பு, இழு, வார். ஐந்து வினைச்சொல்லையும் அந்தப் பிள்ளை தோள்மூட்டால் படித்தான். அன்று பத்து மணிக்குள் தொட்டி நிரம்பிவிட்டது. வாழைக்கும் தண்ணீர் போனது. ஆறு ஓடாத மண் இது, நடுவர் அவர்களே. சுண்ணக்கல்லுக்குக் கீழே இறங்கிய மழைத்தண்ணீரைக் கிணற்றால் அள்ளித்தான் இந்த யாழ்ப்பாணக் குடாநாடு தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்தது. அந்த வரலாற்றின் கயிறு அவன் கையில் கிடந்தது.

எதிரணியில் கணிதம் படிப்பிக்கும் தம்பி ஒரு கணக்குப் போட்டார். வருடத்தில் 40 சனிக்கிழமை வகுப்பு நடக்கிறதாம், விடுமுறையோ வெறும் ஐந்தாறு கிழமையாம். சரி, அவருடைய கணக்கையே எடுப்போம். 40 சனிக்கிழமை, நாளுக்கு 2 மணித்தியாலம் என்றால் 80 மணித்தியாலம். என் தம்பியின் பிள்ளைகள் ஊரில் நின்றது 35 நாள். விழித்திருக்கும் நேரம் நாளுக்கு 12 மணித்தியாலம் என்று வைத்தாலும் 420 வருகிறது. கணக்கும் எங்கள் பக்கம்தான். ஆனால் நான் நம்பியிருப்பது கணக்கை அன்று.

பாரிசிலிருந்து என் தங்கச்சியும் அதே கிழமை வந்தாள். அவளுடைய மகனுக்கு 10 வயது. அவன் பிரெஞ்சு பேசுவான். டோர்ட்மண்ட் பிள்ளைகள் டொச்சு பேசுவார்கள். பக்கத்து வளவுக்கு நோர்வேயிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள், அவளுக்கு நோர்வேஜியன். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ். அத்தனை பேரும் ஒரு மாமரத்துக்குக் கீழே. முதல்நாள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் நாள் எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன் தடியால் நிலத்தில் கோடு கீறி, கோட்டை மறித்து விளையாடும் கிளித்தட்டுக்கு ஆள் சேர்த்தான். கிளித்தட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் தோல்விதான். "கோட்டை மறி!", "கிளி வருது, ஓடு!", "விடாத, அமத்து!" எந்த மொழியில் கத்துவது? டொச்சில் கத்தினால் பாரிஸ்காரனுக்கு விளங்காது. பிரெஞ்சில் கத்தினால் நோர்வேப் பிள்ளை பிடிபடுவாள். அந்த முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி தமிழ்.

இதை நடுவர் அவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும். டோர்ட்மண்டில் தமிழ் பேசாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. பாடசாலை, கடை, கூட்டாளி, தொலைக்காட்சி எல்லாம் டொச்சிலே நடக்கும். தமிழ் அங்கே அம்மாவின் ஆசைக்காகச் சுமக்கும் புத்தகப்பை. இங்கே தமிழ் பேசாவிட்டால் விளையாட்டில் சேர்க்கமாட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய தேவை வேறு என்ன?

உறவுப்பெயர்களுக்கு வருகிறேன். என் தம்பியின் மகன் என்னை மாமி என்கிறான். என் தங்கச்சியின் மகன் பெரியம்மா என்கிறான். மூன்றாம் நாள் சின்னவன் வந்து மறித்துக்கொண்டு நின்றான். "ஒரே ஆள்தானே, ஏன் ரெண்டு பேர்?" அவனுடைய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் வாய் திறக்க முன்னம் அம்மா வெற்றிலைத் தட்டத்தை இழுத்து மூன்று பாக்கை நிலத்தில் வரிசையாக வைத்தா. "இது கொப்பா. இது இவன்ட கொம்மா. இந்தப் பெரிசு உன்ர மாமி. மூண்டும் என்ர பிள்ளையள். கொப்பாக்கு இவ அக்கா, அதாலை உனக்கு மாமி. இவன்ட கொம்மாக்கும் இவ அக்கா, அதாலை அவனுக்குப் பெரியம்மா. இப்ப சொல்லு பாப்பம், நீயும் அவனும் என்ன முறை?" பிள்ளை பாக்கைப் பார்த்தான், பாரிஸ்காரனைப் பார்த்தான். "மச்சான்!" என்று கத்தினான். உங்கள் அப்பா என்பதைக் கொப்பா என்றும், உங்கள் அம்மா என்பதைக் கொம்மா என்றும் ஒரே மூச்சில் குறுக்கும் எங்கள் வழக்கத்தை நான் 31 வருடத்தில் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. அது முற்றத்தில் மட்டும் கிடைப்பது.

அப்படித்தான் 'நீர்' என்ற சொல்லும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்துக் கதைக்கிறவர்கள் நாங்கள். என் கணவர் என்னை "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்பார். அதைக் கேட்ட சின்னவன், அது ஏதோ உயர்ந்த மரியாதை என்று எண்ணி, அப்பம்மாவிடம் போய் "நீர் படுக்கேல்லையோ?" என்றான். அம்மா சிரித்த சிரிப்பு! ஒழுங்கைப் பொடியன்தான் திருத்தினான்: "டேய், அப்பம்மாக்கு நீங்கள் எண்டு சொல்லோணும்." எந்தச் சொல் எந்த மனிதருக்கு என்பது மனிதர்கள் நடுவில் நின்றால்தான் பிடிபடும்.

ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சினோம். வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, உருட்டிப்போட்ட மா. பிலாவிலையைக் கோலி, ஈர்க்கால் குத்தி, அதால் அள்ளிக் குடிக்கவேண்டும். கோலுவது என்றால் என்ன என்று மூத்தவள் கேட்டாள். சொல்லிக் காட்டவில்லை, இலையைக் கையில் கொடுத்தேன். முதல் இரண்டு இலையும் கிழிந்தன. மூன்றாவது இலையில் கூழ் நின்றது. "மாமி, கோலிட்டன்!" என்றாள். அந்த 'கோலிட்டன்' என்ற ஒற்றைச் சொல்லில் இருந்த இலக்கணம் முழுதும் அவளுடையது.

அவளை நெடுந்தீவுக்கும் கூட்டிக்கொண்டு போனோம். குறிகட்டுவான் துறையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். முருகைக்கல் வேலிகள், பெருக்கமரம், வெளியில் மேயும் குதிரைகள் எல்லாம் பார்த்தாள். அவற்றைப் படம் எடுத்தாள். ஆனால் அவள் மனதில் நின்றது படகோட்டி ஐயா. "ஐயா, ஏன் இவ்வளவு காத்து?" என்று தமிழில் கேட்டாள். அவர் தமிழிலேயே ஆறுதலாகப் பதில் சொன்னார். "இது சோளகம், பிள்ளை. வடக்காலை வாறது வாடை. கிழக்காலை கொண்டல். மேற்காலை வந்தால் கச்சான்." நல்லூர்த் திருவிழாவில் ஒரு ஆச்சியிடம் வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்கும்போது அவளுக்கு அது நினைவு வந்துவிட்டது. "காத்துக்கும் இதுக்கும் ஒரே பேரோ, ஆச்சி?" என்று கேட்டாள். ஆச்சி அளக்கும் சுண்டால் ஒன்று கூடப் போட்டுக் கொடுத்தா.

ஒரு உண்மையையும் இந்த மேடையில் சொல்லவேண்டும், எங்கள் அணிக்கு இடைஞ்சல் என்றாலும். அதே பிள்ளை பட்டணத்தில் ஒரு குளிர்களிக் கடையில், வரிசையில் நிற்கும்போதே வசனத்தை மனதுக்குள் அடுக்கி, "அண்ணை, எனக்கு ஒரு மாம்பழ ஐஸ்கிறீம் தாங்கோ" என்று கேட்டாள். வெளிநாட்டுப் பிள்ளை என்று கண்டதும் அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. திரும்பி வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. அவளுக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது. நாங்கள்தான் எங்கள் ஆங்கிலத்தைக் காட்ட ஆசைப்பட்டு அந்தப் பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம். இங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் கேட்கிறேன்: அடுத்த கோடையில் அந்தப் பிள்ளைகள் திக்கித் திக்கிக் கேட்கும்போது, பொறுமையாக நின்று தமிழில் பதில் சொல்லுங்கள்.

இனி என் மனதை அறுக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

என் அண்ணாவும் யேர்மனியில்தான். அவருடைய மகன் 1988இல் பிறந்தவன். 6 வயதிலிருந்து 16 வயதுவரை, பத்து வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போனவன். பனியில், மழையில், கிழமை முழுக்க வேலை செய்த களைப்போடு வந்து சம்பளமில்லாமல் அவனுக்கு எழுத்தறிவித்த அந்த ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எதிரணி அவர்களைப் புகழ்ந்தபோது நானும் கைதட்டினேன். ஆனால் அவனுக்கு ஊர் கிடைக்கவில்லை. அவன் சின்னப்பிள்ளையாக இருந்த காலம் யுத்தகாலம். 1990இல் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது. 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தபோது பரீட்சை என்று தள்ளிப்போட்டார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி பூட்டுப்பட்டது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த வருடக் கோடையில் அவன் முதன்முதலாக வந்தான், 27 வயதில்.

ரயிலில் நானும் கூட வந்தேன். கிளிநொச்சி, பளை, கொடிகாமம் என்று பெயர்ப்பலகைகளை ஒன்றுவிடாமல் பிழையில்லாமல் வாசித்துக்கொண்டு வந்தான். வகுப்பறை கொடுத்த கொடை அது. வீட்டுக்கு வந்தோம். படலையில் அம்மா நின்றா. பேரனின் முகத்தை இரண்டு கையாலும் தடவி, "என்ர குஞ்சு, மெலிஞ்சு போனாய். சாப்பிட்டியோ?" என்றா. அவனுக்கு விளங்கியது. உதடு அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. தகப்பன் பக்கம் திரும்பி டொச்சில் சொன்னான். அண்ணா அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா கேட்பதும், அண்ணா நடுவில் நின்று மாற்றிச் சொல்வதுமாகப் பத்து நாள். புறப்படும் நாளில் அவன் என்னிடம் ஒரு கடதாசியைத் தந்தான். அழகான கையெழுத்தில், தமிழில், "அப்பம்மா, நான் உங்களோடு நிறையக் கதைக்க விரும்பினேன்" என்று எழுதியிருந்தான். அம்மாவுக்குக் கண் மங்கல். நான்தான் வாசித்துக் காட்டினேன்.

ஒரே குடும்பம். ஒரே நாடு. மூத்தவனுக்குப் பத்து வருட வகுப்பு, முற்றமில்லை. சின்னவனுக்கு மூன்று வருட வகுப்பும் ஒரு கோடையும். காசில்லாதவன் எப்படி ஒவ்வொரு வருடமும் வருவான் என்று எதிரணி கேட்டது நியாயமான கேள்வி. ஒவ்வொரு வருடமும் முடியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றாலும், பிள்ளை கிளித்தட்டு மறிக்கும் வயதுக்குள் கொண்டுவாருங்கள்.

ஊருக்குப் போனால் பழகும், திரும்பினால் மறக்கும் என்றும் சொன்னார்கள். மணி அடிக்கும் முன் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தொலைபேசி எடுத்தால் தாய் அதைச் சின்னவனின் காதில் பிடிப்பா. "சுகமா இருக்கிறன்" என்று பாடமாக்கியதைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். போன ஞாயிறு அழைப்பு வந்தது. அவனே எடுத்திருந்தான். "அப்பம்மா, கிணத்தடி வாழை குலை தள்ளிட்டுதோ?"

"தள்ளிட்டுது, அப்பன். நீ ஊத்தின தண்ணிதானே."

"வெட்டிப் போடாதேங்கோ. வௌவால் தின்னாமல் பாருங்கோ."

அம்மா இன்று காலையில் ஆள் பிடித்து, அந்தக் குலைக்கு வாழைச்சருகு சுற்றுவித்துவிட்டுத்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறா. அதோ, முன்வரிசைப் பாயில் இருக்கிறா.

நன்றி, வணக்கம்.