நைட்ல நம்பர் பிளேட் வெள்ளையா அடிக்குதா? கேட் கேமரா செட்டிங்

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்கு வந்த கமெண்ட்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, அபார்ட்மெண்ட் கேட்ல 4 மெகாபிக்சல் கேமரா இருக்கு. வண்டி தெரியுது, ஓட்டுற ஆளு தெரியுது, நம்பர் மட்டும் தெரிய மாட்டேங்குது. 8 மெகாபிக்சலுக்கு மாத்திடவா?" மாத்தாதீங்க. காசு போகும், நம்பர் வராது. கணக்குப் போட்டே காட்டிடறேன்.

கடையில சாதாரணமா எடுத்துக் குடுக்கிற, குழல் மாதிரி நீளமா இருக்கிற புல்லெட் கேமராவுல லென்ஸ் 2.8 மி.மீ. அது அகலமா பாக்கறதுக்குன்னே உள்ள லென்ஸ். 10 மீட்டர் தள்ளி ஒரு வண்டி நிக்குதுன்னா, அந்த இடத்துல ஃபிரேமுக்குள்ள குறுக்குவாக்குல ஏறக்குறைய 19 மீட்டர் அடங்கும். ரோடு, எதிர் வீட்டு காம்பவுண்டு, இஸ்திரி வண்டி எல்லாம் வந்துரும். 4 மெகாபிக்சல்னா அகலத்துல 2560 பிக்சல். 19 மீட்டருக்குப் பிரிச்சா மீட்டருக்கு 134. ஸ்கூட்டர் பின்னாடி இருக்கிற புது பிளேட்டோட அகலம் 200 மி.மீ., அதாவது வெறும் 20 செ.மீ. அதுக்குக் கிடைக்கறது 27 பிக்சல். ஒரு எழுத்துக்கு நாலஞ்சு பிக்சல் தேறும், அவ்ளோதான். 8 மெகாபிக்சல் போட்டாலும் இந்த 27 வெறும் 40 ஆகும். எனக்குப் பிளேட் படிக்கணும்னா அகலத்துல 100 பிக்சலுக்கு மேல வேணும்.

இப்போ அதே 4 மெகாபிக்சல் கேமராவ வெரிஃபோக்கல் லென்ஸ்ல, அதாவது மி.மீ.யைக் கூட்டிக் குறைக்கிற லென்ஸ்ல எடுத்து 12 மி.மீ.க்கு இழுத்து வைங்க. அதே 10 மீட்டர்ல ஃபிரேம் அகலம் நாலரை மீட்டர். ஸ்கூட்டர் பிளேட் 113 பிக்சல். காரோட 500 மி.மீ. பிளேட் 280க்கு மேல போயிரும். மெகாபிக்சல் ஒண்ணுகூட ஏறல பாத்தீங்களா?

அதனால கேட்டுக்கு ரெண்டு கேமரா. ஒண்ணு என்ன நடந்துச்சுன்னு பாக்க, இன்னொண்ணு நம்பரை மட்டும் பாக்க. ரெண்டையும் ஒரே கேமராவுல பண்ணித் தர்றேன்னு எவனாவது சொன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க. சென்னையில போலீஸ் 'மூன்றாவது கண்'னு சொல்லித் தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்னாங்க, நல்ல விஷயம். ஆனா நான் ஏறி இறங்கின அபார்ட்மெண்ட்ல எல்லாம் முழுக்க முழுக்க அகல லென்ஸ்தான் மாட்டியிருக்கு.

அடுத்து, எங்க மாட்டறது. தூண் உச்சியில 3 மீட்டர் உயரத்துல மாட்டறீங்கன்னு வைங்க. பிளேட் தரையிலருந்து அரை மீட்டர்ல இருக்கும். கேமரா குனிஞ்சு பாக்கிற கோணம் 30 டிகிரிக்குள்ள இருக்கணும்னா, நம்பரைப் பிடிக்கிற இடம் குறைஞ்சது நாலரை மீட்டர் தள்ளி இருக்கணும். பக்கவாட்டுக் கோணமும் அதே 30க்குள்ள. முடிஞ்சா இடுப்பு உயரத்துல மாட்டுங்க, இன்னும் நேரா கிடைக்கும். பசங்க கை வைக்காம ஒரு கம்பிக் கூண்டு போட்டுடுங்க.

நம்ம ஊர் கதை ஒண்ணு இருக்கு. பைக்ல முன்னாடி பிளேட் பேருக்குத்தான். மட்கார்டு மேல மெல்லிசா வளைஞ்சு கிடக்கும், இல்ல இருக்கவே இருக்காது. அதனால வண்டி உள்ள போகும்போது பின்பக்கத்தைப் பாக்கிற மாதிரி கேமராவைத் திருப்புங்க. ஹெட்லைட் கண்ணுல அடிக்கிற தொல்லையும் பாதி போச்சு.

இப்போ ராத்திரி. லேப்டாப்பைத் திருப்பறேன், பாருங்க. இது ஆட்டோ செட்டிங்ல எடுத்தது. கேட் தெரியுது, செடி தெரியுது, காரு தெரியுது. பிளேட் இருக்கிற இடத்துல பளீர்னு ஒரு வெள்ளைக் கட்டம், ஒரு எழுத்து இல்ல. காரணம் அந்தப் பிளேட்தான். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற புது வண்டிக்கெல்லாம் உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். அது மேல ஒட்டியிருக்கிற ஷீட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கேமராவோட ஐஆர் லைட், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லைட், லென்ஸைச் சுத்தித்தான் இருக்கு. அப்போ மொத்த வெளிச்சமும் திரும்ப லென்ஸுக்குள்ளயே வருது.

நம்பர் பாக்கிற கேமராவுல எக்ஸ்போஷரை, அதாவது எவ்ளோ வெளிச்சம் எடுத்துக்கணும்கிற செட்டிங்கை, மேனுவலுக்கு மாத்துங்க. ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ள வர்ற நேரம், 1/1000 செகண்டு. கேமரா தானா படத்தை வெளிச்சமாக்கிக் காட்டற கெயினைக் குறைங்க. இப்போ அதே காரு, அதே இடம். ஃபிரேம் முழுக்க கறுப்பு. காரு இல்ல, கேட் இல்ல. நடுவுல 'டிஎன்'ல ஆரம்பிச்சு கடைசி நம்பர் வரைக்கும் அச்சடிச்ச மாதிரி நிக்குது. செக்ரட்டரி சார் போன் பண்ணி "தம்பி, கேமரா போச்சு, ஒரே இருட்டா இருக்கு"ம்பாரு. அப்படித்தான் சார் இருக்கணும்.

ஷட்டர் ஆடுற ஆட்டத்தையும் பாத்துடலாம். 20 கி.மீ. வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர் போகும். ஷட்டர் 1/25ல இருந்தா, அது திறந்து மூடறதுக்குள்ள வண்டி 22 செ.மீ. நகர்ந்துரும். ஸ்கூட்டர் பிளேட்டே 20தான்! 1/1000ல அஞ்சரை மி.மீ.தான். குறுக்கே போற வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு முழுசா பொருந்தும், நேரா வர்ற வண்டிக்கு இழுப்பு கம்மி. எதுக்கும் பிடிக்கிற இடத்துல ஒரு வேகத்தடை போட்டுடுங்க, அதை விட மலிவான செட்டிங் கிடையாது.

பழைய வண்டிங்க இருக்கே, பெயிண்ட்ல எழுதின பிளேட், அது ஐஆரைத் திருப்பி அனுப்பாது. 1/1000ல அதுவும் கறுப்பாயிடும். உங்க கேட்ல அந்த மாதிரி வண்டி நிறைய வந்தா, பிடிக்கிற இடத்துல ஒரு எல்இடி ஃப்ளட் லைட் போட்டு, ஷட்டரை 1/500 பக்கம் இறக்கிப் பாருங்க.

மத்ததெல்லாம் சட்டுனு. இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்துல சேர்த்துக் காட்டற டபிள்யூடிஆர் ஆஃப், ஓடுற வண்டியில நிழல் மாதிரி ரெட்டை விழ வைக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைங்க, படத்துல வர்ற புள்ளியை அழிக்கிறேன்னு எழுத்து ஓரத்தையெல்லாம் மெழுகி விட்டுரும். ஃபோகஸை மட்டும் ராத்திரி ஐஆர் எரியும்போது, பிளேட் வர்ற அதே இடத்துல ஒரு ஸ்கூட்டரை நிறுத்திட்டு செட் பண்ணுங்க. பகல்ல வச்ச ஃபோகஸ் ஐஆர்ல கொஞ்சம் விலகிடும்.

நம்பரைத் தானா படிக்கிற சாஃப்ட்வேர் போடறவங்க ஒண்ணு கேட்டு வாங்குங்க, பாரத் சீரிஸ் படிக்குமான்னு. 2021ல வந்தது. அதுல முதல்ல வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கம், அப்புறம் 'பிஹெச்', நாலு நம்பர், கடைசியிலதான் எழுத்து. மாநில எழுத்து முதல்ல வரும்னு நம்பிக்கிட்டு இருக்கிற சாஃப்ட்வேர் இதைக் கண்டா உளறும்.

உங்க கேட் அகலம் எவ்ளோ, தூணுலருந்து பிளேட் வர்ற இடம் எத்தனை மீட்டர்னு கமெண்ட்ல போடுங்க, எத்தனை மி.மீ. லென்ஸ்னு சொல்றேன். டேப் வச்சு அளந்து போடுங்க சாமி, "கொஞ்ச தூரம்ணா"ன்னு போட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.