அட்டைக் கிதார்

நேயர்களுக்கு என் வணக்கம். இங்கிலாந்தின் பர்மிங்காம் வட்டாரத்தில் உருவான ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் ஹெவி மெட்டல் (உரத்த ராக் வகை) இசைக்குழு 1980ஆம் ஆண்டில் எடுத்த இரண்டு பாடல் காணொளிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தோலாடையும் இரும்புக் குமிழ்களுமாக முறைத்து நிற்கும் இவர்களைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர்கள், இவர்களுக்கு விளையாடத் தெரியும் என்று எளிதில் நம்ப மாட்டார்கள்.

பாடல் காணொளிகளுக்கென்றே வந்த எம்.டி.வி. தொலைக்காட்சி அலைவரிசை 1981 ஆகஸ்ட் மாதத்தில்தான் தொடங்கியது. ஆகவே, பாடல் காணொளிக்கென்று வகுத்த இலக்கணம் எதுவும் அன்று பெரிதாக இல்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் பங்க் ராக் குழுவைப் படம்பிடித்துப் பெயர் பெற்றிருந்த ஜூலியன் டெம்பிள் இவ்விரண்டையும் இயக்கினார். ‘லிவிங் ஆஃப்டர் மிட்நைட்’ பாடலுக்கு ஷெஃபீல்டு நகர மண்டப மேடையில் படப்பிடிப்பு நடந்தது. அதன் தொடக்கத்தில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் டேவ் ஹாலண்ட் முழு வேகத்தில் டிரம்ஸ் வாசிக்கிறார். ஆனால் அவருக்கு முன்னால் டிரம்ஸ் இல்லை, அவர் வெறுங்காற்றைத்தான் அடிக்கிறார்.

இல்லாத அந்த டிரம்ஸை நினைவில் வைத்துக்கொண்டு ‘பிரேக்கிங் த லா’ காணொளிக்கு வாருங்கள். லண்டன் வெஸ்ட்வே மேம்பாலச் சாலையில் ஓடும் திறந்த காரின் பின்னிருக்கையில் அமர்ந்து குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு பாடுகிறார். பிறகு பாதிரியார் வேடமிட்ட கூட்டாளிகள் கிதார்ப் பெட்டிகளோடு வங்கிக்குள் நுழைகிறார்கள். பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கும் என்றுதானே நினைப்போம்? கிதார்தான் இருக்கிறது! அதன் ஒலியிலேயே வாடிக்கையாளர்கள் சுருண்டுவிடுகிறார்கள். பெட்டகத்தைத் திறந்து இவர்கள் அள்ளுவதும் பணத்தை அல்ல, அதிக விற்பனைக்கு விருதாகத் தரும் ஒரு தங்க இசைத்தட்டை.

ஆயினும் என் மனம் ஒட்டிக்கொண்டிருப்பது கொள்ளையரிடம் அல்ல, காவலாளியிடம். தூங்கி விழித்த அந்த மனிதர் கண்காணிப்புத் திரையில் கொள்ளையைப் பார்க்கிறார்; அபாயமணியை அடிக்க வேண்டியவர், கடைசியில் ஒரு போலிக் கிதாரை எடுத்து, தாமே வாசிப்பதுபோல் ஆடத் தொடங்கிவிடுகிறார். இது இயக்குநரின் வெறும் கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். அந்நாளில் வட லண்டனின் கிங்ஸ்பரியில் இருந்த பேண்ட்வேகன் சவுண்ட்ஹவுஸ் என்னும் ராக் இசைக்கூடத்துக்கு, அழுத்திய மரக்கூழ் அட்டையில் இளைஞர்கள் கிதார் வடிவம் வெட்டி எடுத்துவந்து, ஒலிபெருக்கியில் பாட்டு ஓட ஓட, தந்தியில்லாத அந்த அட்டையில் விரல் ஓட்டி மகிழ்ந்தார்கள். ஆகவே சொல்கிறேன், அந்தக் காவலாளிதான் ரசிகர். இக்குழு தன் ரசிகரைக் கூட்டத்தில் ஒரு தலையாகக் காட்டாமல், கதையின் முடிவையே அவரிடம் கொடுத்தது.

இந்தக் கைவேலைப் புத்தி ஒலிப்பதிவிலும் இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனானிடமிருந்து அதே குழுவின் ரிங்கோ ஸ்டார் வாங்கிய டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் மாளிகையில் ‘பிரேக்கிங் த லா’ பாடலைப் பதிவு செய்தபோது, கண்ணாடி நொறுங்கும் ஓசைக்காகப் பால் புட்டிகளை உடைத்தார்கள். பாடலில் கேட்கும் போலீஸ் சைரனும் குழுவின் கிதார் கலைஞர் கே.கே. டவுனிங் தம் கிதாரிலிருந்து எழுப்பியதே.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதே டெம்பிள் 1982இல் இயக்கிய ‘யூ’வ் காட் அனதர் திங் கமிங்’ காணொளியை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். வட்டத் தொப்பியணிந்த ஒரு கனவான் ஒலியளவுமானியோடு வந்து, குழுவினரின் சத்தத்தை அளந்து கண்டிக்கப் பார்க்கிறார். இவருக்கு அட்டைக் கிதார் கிடைப்பதில்லை. முதலில் தலை வெடிக்கிறது, அதன் பிறகு கால்சட்டையும் நழுவி விழுகிறது. நன்றி, வணக்கம்.