நகராட்சி தரும் முன்பணமும் 15 ஆண்டுக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க்கில் மாத வாடகையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, வீடு வாங்க முன்பணம் மட்டும் சேராமல் தவிக்கும் குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவருபவன் என்ற முறையில் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போதும் சரி, பிறந்தநாள் விருந்துகளிலும் சரி, என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நகராட்சி ஒரு லட்சம் டாலர் சும்மா கொடுக்கிறதாமே, உண்மையா?" ஒரு லட்சம் என்பது உண்மை, சும்மா என்ற சொல்லுக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

நியூயார்க் நகரத்தின் வீட்டுவசதித் துறை நடத்தும் இந்தத் திட்டத்துக்கு ஹோம்ஃபர்ஸ்ட் என்று பெயர். முதன்முறையாக வீடு வாங்குபவராகவும் வருமான வரம்புக்குள் இருப்பவராகவும் இருந்து, துறை ஏற்றுக்கொண்ட ஆலோசனை நிறுவனத்தில் வீடு வாங்குவோருக்கான வகுப்பையும் முடித்தவருக்கு, நகரத்தின் ஐந்து பகுதிகளுக்குள் வாங்கும் வீட்டுக்கோ, காண்டோவுக்கோ (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு), கோ-ஆப்புக்கோ (கட்டடத்தை வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்தில் பங்கு வாங்கிப் பெறும் அடுக்குமாடி வீடு), முன்பணமாகவும் பதிவுச் செலவாகவும் 1,00,000 டாலர் வரை கிடைக்கும். வாங்குபவரும் விலையில் 3 விழுக்காட்டைப் போடவேண்டும்; அதில் 1 விழுக்காடாவது அவருடைய சொந்தச் சேமிப்பாக இருக்கவேண்டும். 4,00,000 டாலருக்கு ஒரு கோ-ஆப் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12,000 டாலர், அதில் 4,000 டாலராவது உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும். மாதம் 500 டாலர் மிச்சம் பிடிக்கும் குடும்பத்துக்கு, விலையில் 20 விழுக்காடான 80,000 டாலர் முன்பணத்தைச் சேர்க்கப் 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 12,000 டாலர் என்றால் 2 ஆண்டுகளில் சேர்ந்துவிடும்.

"முதன்முறை" என்ற சொல்லைக் கேட்டுப் பின்வாங்கிவிடாதீர்கள். கடந்த 3 ஆண்டுகளில் சொந்த வீடு இல்லாதவரையும் முதன்முறை வாங்குபவராகவே கொள்வது இத்தகைய திட்டங்களின் பொது வழக்கம்.

வருமான வரம்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கேற்ப அரசு கணக்கிடும் வட்டார நடுநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நியூயார்க்கில் அது 1,29,600 டாலர்; தனியாக வாழ்பவருக்கு 90,720 டாலர். அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள் என்பதை நம் குடும்பங்கள் முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும். ஊரிலிருந்து வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட அம்மாவுக்கு வருமானம் எதுவும் இல்லையென்றால், அவர் ஐந்தாவது ஆளாகச் சேர, வரம்பு ஏறத்தாழ 1,40,000 டாலராக உயர்கிறது. அதே வீட்டில் வேலைக்குப் போகும் தம்பியும் இருந்தால் அவருடைய சம்பளமும் கூட்டப்பட்டு, குடும்பமே வரம்பைத் தாண்டிவிடக்கூடும். கூட்டுக் குடும்பம் என்பது இந்தப் படிவத்தில் சில வீடுகளுக்கு வரமாகவும் சில வீடுகளுக்குச் சுமையாகவும் முடிகிறது.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன்; அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்லும் பணியில் இருப்பவர். மனைவி பள்ளியில் உதவியாளர். 4 வயது மகளும் மாமியாரும் உடன் இருக்கிறார்கள். சமையலறை மேசையில் சம்பளச் சீட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது அடிப்படைச் சம்பளம் இருவருக்குமாக 1,18,000 டாலர்தான் வந்தது. குளிர்கால மாதங்களின் மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்து, அதையே அடுத்த 12 மாதங்களுக்கும் நீட்டிப் பார்த்தால் வரம்பு தாண்டிவிட்டது. நகராட்சி பார்ப்பது வரப்போகும் 12 மாத வருமானத்தை. வங்கிக்கோ இந்த மிகைநேரம் கூடுதலாக இருக்க இருக்க மகிழ்ச்சி, ஏனென்றால் மாதத் தவணை கட்டமுடியும் என்பதற்கு அதுதான் சான்று. ஒரே சம்பளச் சீட்டை வைத்து வங்கியிடம் "எங்களுக்குப் போதிய வருமானம் இருக்கிறது" என்றும், நகராட்சியிடம் "எங்களுக்குப் போதிய வருமானம் இல்லை" என்றும் நிரூபிக்கவேண்டியிருக்கிறது. உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்குக் குறைவாகவும் தவணை கட்டும் அளவுக்கு நிறைவாகவும் சம்பாதிக்கும் அந்த இடுக்குக்குள் நின்றவர்களுக்கே இந்தத் திட்டம் கைகொடுக்கிறது. அந்தக் கணவர் எதையும் மறைக்கவில்லை. வசந்தகாலம் வரை காத்திருந்து, மிகைநேரம் இயல்புக்குத் திரும்பிய சீட்டுகளும் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தார்.

சொந்தச் சேமிப்பு என்பதிலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலர் சேமிப்பது சீட்டில். சீட்டு எடுத்த மாதம் 10,000 டாலர் மொத்தமாகக் கணக்கில் விழுந்தால், பொதுவாகக் கடைசி இரண்டு மாத வங்கி அறிக்கைகளைக் கேட்கும் கடன் அதிகாரி அதைச் சுட்டிக்காட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்பார். அண்ணன் கொடுத்தார் என்றால், திருப்பித் தரவேண்டியதில்லை என்று அவர் கையொப்பமிட்ட அன்பளிப்புக் கடிதம் வேண்டும். வீடு தேடத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது.

இனி அந்த "சும்மா"வுக்கு வருகிறேன். வீடு கைமாறும் நாளில் இரண்டு கடன் பத்திரங்களில் கையெழுத்திடுவீர்கள். முதலாவது வங்கியுடையது. இரண்டாவது நகராட்சியுடையது, வட்டி கிடையாது, மாதத் தவணையும் கிடையாது, ஆனால் அது சொத்தின்மேல் நிற்கும் கடன்தான். 40,000 டாலர் வரை உதவி பெற்றால் 10 ஆண்டுகளும், அதற்கு மேல் பெற்றால் 15 ஆண்டுகளும் அந்த வீட்டிலேயே நீங்கள் குடியிருக்கவேண்டும். கெடு முடிந்தால் கடன் தள்ளுபடியாகும். இடையில் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ நகராட்சி தன் பணத்தைக் கேட்கும். ஆண்டுக்கு ஒரு பங்காகக் கடன் கரையும் ஊர்களும் உண்டு, கடைசி நாள்வரை முழுத்தொகையும் அப்படியே நிற்கும் ஊர்களும் உண்டு. அதனால் பத்திரத்தில் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வழக்கறிஞரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை, இரண்டு ஆண்டு திருச்சியில் இருந்துவிட்டு வருகிறோம், அதுவரை வீட்டை வாடகைக்கு விடுகிறோம் என்று நாம் இயல்பாக எடுக்கும் முடிவு இந்தப் பத்திரத்தின்படி நிபந்தனை மீறல்.

எல்லா நகரமும் தள்ளுபடி செய்வதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் முன்பணக் கடன் திட்டம் விலை ஏற்றத்தில் பங்கு கேட்கிறது. 10,00,000 டாலர் வீட்டுக்கு நகரம் 2,50,000 டாலர், அதாவது கால் பங்கு, கொடுத்திருந்து அந்த வீடு பின்னர் 12,00,000 டாலருக்கு விற்றால், வாங்கிய 2,50,000 டாலரோடு ஏற்றத்தில் கால் பங்கான 50,000 டாலரையும் திருப்பவேண்டும். அந்தப் பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகிறது. பெறுபவருக்கு நியூயார்க் முறை இனிப்பானது. ஆனால் கொடுத்த பணம் திரும்பாத நகரம் ஒவ்வொரு ஆண்டும் புதிய நிதிக்குக் கையேந்தவேண்டும் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும்.

அந்த நிதி எங்கிருந்து வருகிறது? நாடெங்கும் இத்தகைய உள்ளூர்த் திட்டங்களுக்குப் பெரிய ஊற்று 1990இல் நிறைவேறிய வீட்டுவசதிச் சட்டத்தின் வழி பிறந்த ஹோம் என்னும் கூட்டாட்சி நிதி. வாஷிங்டன் பணம் தருகிறது, வருமான வரம்பையும் குடியிருப்புக் காலத்தையும் வகுக்கிறது, நகரங்களும் மாவட்டங்களும் அதற்குள் தங்கள் விதிகளை எழுதிக்கொள்கின்றன. 2025 மே மாதம் வெள்ளை மாளிகை முன்வைத்த 2026 நிதியாண்டுத் திட்டம் இந்த நிதியை அடியோடு நிறுத்தச் சொன்னது. இத்தகைய முடிவுகள் நாடாளுமன்றத்தின் கையில் என்றாலும், நிதி தீர்ந்ததும் விண்ணப்பக் கதவு மூடும் திட்டங்கள் இவை என்பதால், வகுப்பையும் ஆவணங்களையும் முன்கூட்டியே முடித்து வைத்திருப்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

விற்பவரைப் பற்றியும் ஒரு சொல். நகராட்சி ஆய்வாளர் வந்து வீடு தரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். கைப்பிடிச் சுவர் ஆடினாலும் பெயின்ட் உரிந்திருந்தாலும் சரிசெய்யச் சொல்வார். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், ரொக்கத்தோடு வருபவர் பக்கம் சாயும் விற்பனையாளர்கள் உண்டு. நான் மேலே சொன்ன குடும்பம் இப்படி இரண்டு வீடுகளை இழந்தது.

மூன்றாவது வீடு கிடைத்தது. கையெழுத்திடுவதற்கு முந்தைய வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நகராட்சிப் பத்திரத்தின் நகலில், 15 ஆண்டு என்று எழுதியிருந்த வரியின் ஓரத்தில் அந்தப் பெண் பென்சிலால் மகளின் வயதைக் குறித்துக்கொண்டிருந்தார்: கையெழுத்திடும் ஆண்டுக்கு நேராக 4, பிறகு 5, 6 என்று இறங்கி, கடைசியில் 19. அதற்குக் கீழே, மாமியார் கேட்டுக்கொண்டதால், அவருடைய வயதையும் எழுதினார். 71இல் தொடங்கி 86.

வணக்கம்.